புயல் வந்தால் கப்பலைக் கட்டிவைக்காமல் கடலுக்கு அனுப்புவது ஏன்? பெர்த், மூரிங், ஆங்கரேஜ்... துறைமுகச் சொற்களின் முழு விளக்கம்!

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர், நவம்பர் வந்தால் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பீங்க: 'துறைமுகத்தில் 2-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்'. நிலைமை தீவிரமானதும் அடுத்த செய்தி வரும்: 'துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்பட்டன'.

இரண்டாவது செய்தியைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வரும். புயல் கடலில்தானே இருக்கு? கரையில் பத்திரமா கட்டியிருக்கிற கப்பலை அவிழ்த்து, புயல் இருக்கிற பக்கமே யாராவது அனுப்புவாங்களா?

அனுப்புவாங்க. அதுக்கு வலுவான காரணம் இருக்கு. அந்தக் காரணம் புரியணும்னா துறைமுகத்தில் தினமும் புழங்குகிற சில ஆங்கிலச் சொற்களின் சரியான பொருள் தெரியணும். செய்திகளில் நாம் 'துறைமுகம்', 'நங்கூரம்' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிற இடத்தில், கப்பல்காரர்களிடம் இருபது சொற்கள் இருக்கு. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னால் அங்கே உயிரே போகலாம். ஒவ்வொன்றா பார்ப்போம்.

ஹார்பர் வேற, போர்ட் வேற

இரண்டையும் தமிழில் 'துறைமுகம்' என்றுதான் எழுதுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒண்ணு இல்லை.

ஹார்பர் என்பது அலைகளிலிருந்து பாதுகாப்பான நீர்ப்பரப்பு. கப்பல் ஒதுங்கி நிற்க ஓர் இடம். போர்ட் என்பது வியாபாரம் நடக்கும் இடம். சரக்கு ஏற்ற, இறக்க கிரேன், கிடங்கு, சுங்க அலுவலகம், ரயில் பாதை என எல்லாம் சேர்ந்தது போர்ட்.

ஹார்பரில் இரண்டு வகை. இயற்கையே மலையையும் வளைகுடாவையும் வைத்துப் பாதுகாப்பு கொடுத்தால் அது இயற்கைத் துறைமுகம். இலங்கையின் திருகோணமலை இதுக்கு நல்ல உதாரணம். விசாகப்பட்டினத்தில் 'டால்பின்ஸ் நோஸ்' என்ற குன்று கடலுக்குள் நீண்டு துறைமுகத்தைக் காக்கிறது.

சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நேர்கோடு மாதிரி நீண்ட கடற்கரை. அதனால் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பித்தான் துறைமுகத்தை உருவாக்கினாங்க. அலையை உடைக்கிற அந்தச் சுவருக்குப் பெயர் பிரேக்வாட்டர், தமிழில் அலைதடுப்புச் சுவர். 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுவர் வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினாங்க.

அதுக்கு முன்னாடி? கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலிலேயே நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகிலும் கட்டுமரத்திலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். கப்பல்கள் அப்படி நின்ற இடத்தைப் பழைய ஆங்கிலக் குறிப்புகள் 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்று சொல்கின்றன. இங்கே ரோட்ஸ் என்றால் சாலை கிடையாது. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கிற, ஓரளவு திறந்த கடல்பகுதி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள 'ஹாம்ப்டன் ரோட்ஸ்' என்ற பெயரும் இதே பொருளில் வந்ததுதான்.

பெர்த், கீ, பியர், ஜெட்டி, டாக்: எது எது?

பெர்த்: ரயிலில் லோயர் பெர்த், அப்பர் பெர்த் தெரியும் இல்லையா? அதே சொல்தான். கப்பல் வந்து கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒதுக்கிய இடம் பெர்த். ரயிலில் பெர்த் கிடைக்காதவர்கள் காத்திருப்பதைப் போல, பெர்த் காலியாகாத கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும்.

கீ: ஆங்கிலத்தில் இதன் எழுத்துக்கூட்டல் 'க்வே' என்று படிக்கச் சொல்லும். ஆனால் உச்சரிப்பு சாவியைச் சொல்கிற அதே 'கீ'. கரையை ஒட்டிக் கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய சுவர் மாதிரியான தளம். கப்பல் அதன் பக்கவாட்டில் வந்து ஒட்டி நிற்கும்.

வார்ஃப்: சரக்கு ஏற்றி இறக்கக் கட்டிய தளத்துக்குப் பொதுப்பெயர். புழக்கத்தில் கீ, வார்ஃப் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வாங்க. லண்டனின் 'கேனரி வார்ஃப்' இன்று வங்கிகள் நிறைந்த வானளாவிய கட்டடங்களின் பகுதி. பெயர் மட்டும் பழைய சரக்குத் தளத்தை ஞாபகப்படுத்துகிறது.

பியர்: தூண்கள் மேல் நின்று கடலுக்குள் நீளும் பாலம். அடியில் தண்ணீர் ஓடும். புதுச்சேரி கடற்கரையில் இருந்த பழைய கடல்பாலம் இந்த வகை.

ஜெட்டி: 'எறிதல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் 'எறியப்பட்டது' போல நீள்வதால் அந்தப் பெயர். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறுகிற இடம் போல, சின்னப் படகுத்துறைகளை நம்ம ஊரிலும் ஜெட்டி என்றே சொல்கிறோம்.

டாக்: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது தளம் இல்லை. மூன்று பக்கமும் தளம் சூழ்ந்த நீர்ப்பகுதி. சென்னைத் துறைமுகத்தில் அம்பேத்கர் டாக், ஜவஹர் டாக், பாரதி டாக் என்று மூன்று உண்டு. அமெரிக்கர்கள் தளத்தையே டாக் என்பார்கள், அதனால்தான் குழப்பம். தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் இடம் டிரை டாக்.

மூரிங் என்றால் என்ன?

கப்பலை ஏதாவது ஒன்றோடு கட்டி நிறுத்துவதுதான் மூரிங். அது கரைத்தளமாக இருக்கலாம், கடலில் மிதக்கும் மிதவையாகவும் இருக்கலாம்.

சரி, ஒரு பெரிய கப்பலை எப்படிக் கட்டுவாங்க? ஒரே கயிறு போதாது. ஒவ்வொரு கயிற்றுக்கும் தனி வேலை, தனிப் பெயர்.

* ஹெட் லைன்: கப்பலின் முன்முனையிலிருந்து முன்னோக்கிப் போகும் கயிறு. கப்பல் பின்னால் நகராமல் பிடிக்கும்.
* ஸ்டெர்ன் லைன்: பின்முனையிலிருந்து பின்னோக்கிப் போவது. முன்னால் நகராமல் பிடிக்கும்.
* பிரெஸ்ட் லைன்: கப்பலுக்குக் குறுக்காக, நேராகத் தளத்துக்குப் போவது. கப்பல் தளத்தைவிட்டு விலகாமல் இழுத்துப் பிடிக்கும்.
* ஸ்பிரிங் லைன்: முன்பக்கத்திலிருந்து பின்னோக்கியும், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கியும் சாய்வாகப் போகும் கயிறுகள். கப்பல் தளத்தை ஒட்டி முன்னும் பின்னும் ஊசலாடாமல் தடுக்கும்.

தளத்தில் இந்தக் கயிறுகளை மாட்டும் குட்டையான இரும்புத் தூண் பொல்லார்டு. படகுத்துறைகளில் நாம் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிற காளான் மாதிரித் தூண் இதுதான். கப்பலும் தளமும் உரசாமல் இருக்க நடுவில் வைக்கும் ரப்பர் தடுப்பு ஃபெண்டர். படகுகளின் பக்கவாட்டில் பழைய லாரி டயர் தொங்குவதைப் பார்த்திருப்பீங்களே, அதுவும் ஃபெண்டர்தான்.

மூரிங் கயிறு கனமானது. அதைத் தூக்கி எறிய முடியாது. அதனால் முதலில் முனையில் முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசுவாங்க. அது ஹீவிங் லைன். கரையில் இருப்பவர் அதைப் பிடித்து இழுக்க, அதோடு கட்டிய பெரிய கயிறு பின்னால் வரும். முனையில் இருக்கும் உருண்டை முடிச்சின் பெயர் 'மங்கீஸ் ஃபிஸ்ட்', அதாவது குரங்கின் முஷ்டி!

கயிறு ஆளைக் கொல்லுமா?

கொல்லும். கப்பல் வேலையில் மிக ஆபத்தான கட்டங்களில் மூரிங்கும் ஒன்று.

நைலான் போன்ற செயற்கை இழைக் கயிறுகள் இழுபடும்போது நீளும். நீளும்போது ரப்பர் பேண்டு மாதிரி சக்தியைச் சேர்த்துவைக்கும். தாங்க முடியாமல் அறுந்தால், அந்தச் சக்தி மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறும். அறுந்த முனை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சவுக்கு போலப் பின்னால் பாயும். இதுதான் ஸ்னாப் பேக். வழியில் நிற்பவருக்குக் கை, கால் போகலாம், உயிரே போகலாம். விலகிக்கொள்ள நேரமே இருக்காது.

கயிறு பாயக்கூடிய பகுதி ஸ்னாப் பேக் ஜோன். கயிறு ஏதாவது முனையில் திரும்பிப் போனால் பாய்ச்சல் எந்தப் பக்கம் வரும் என்று கணிப்பது கஷ்டம். அதனால் கயிறு இறுக்கமாக இருக்கும்போது அந்தத் தளம் முழுக்கவே ஆபத்துப் பகுதி என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது கப்பல் வேலைக்குப் போகிறார் என்றால், அவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது.

நங்கூரம் கப்பலை எப்படிப் பிடிக்கிறது?

கட்டி நிறுத்துவது மூரிங் என்றால், நங்கூரம் போட்டு நிறுத்துவது ஆங்கரிங். அப்படி நிற்க ஒதுக்கிய கடல்பகுதி ஆங்கரேஜ்.

நங்கூரத்தின் எடைதான் கப்பலைப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. நங்கூரத்தின் கொக்கிகள் கடலடி மண்ணில் புதைந்து பிடிக்கணும். அதுக்குச் சங்கிலி தரையோடு படுத்துக் கிடக்கணும். அப்போதுதான் இழுப்பு பக்கவாட்டில் போய், கொக்கி இன்னும் ஆழமாகப் புதையும். சங்கிலி மேல்நோக்கித் தூக்கினால் கொக்கி மண்ணைவிட்டுப் பெயர்ந்துவிடும்.

அதனால்தான் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுவாங்க. ஆழத்துக்கும் சங்கிலி நீளத்துக்கும் உள்ள இந்த விகிதம் ஸ்கோப். சங்கிலியை மீட்டரில் எண்ண மாட்டாங்க, ஷேக்கிளில் எண்ணுவாங்க. ஒரு ஷேக்கிள் என்பது 27.5 மீட்டர்.

காற்றும் அலையும் அளவை மீறினால், சங்கிலி தரையைவிட்டு எழும்பும். நங்கூரம் மண்ணை உழுதுகொண்டே நகரும். இதன் பெயர் டிராக்கிங். கிட்டத்தட்ட இதே மாதிரி ஒலிக்கிற இன்னொரு சொல் டிரெட்ஜிங். கப்பலின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்த, வேண்டுமென்றே நங்கூரத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவது அது. முதலாவது ஆபத்து, இரண்டாவது உத்தி. ரேடியோவில் இதை மாற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

இந்த மாதிரிக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல்களுக்கான நிலையான ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. கேப்டன் கொரியாக்காரர், மாலுமி தமிழர், பைலட் பிரேசில்காரர் என்றாலும் ஒரே கட்டளை, ஒரே பொருள். 'மேக் ஃபாஸ்ட்' என்றால் வேகமாகச் செய் என்று அர்த்தம் இல்லை, கயிற்றை இறுகக் கட்டு என்று அர்த்தம். 'லெட் கோ' என்றால் அவிழ்த்துவிடு, நங்கூரமாக இருந்தால் கடலில் இறக்கு. 'ஹோல்ட் ஆன்' என்றால் போனில் சொல்வது மாதிரி காத்திருக்கச் சொல்வது இல்லை, கயிற்றை விடாதே, இழுக்காதே, அப்படியே பிடி.

2012-ல் சென்னையில் நடந்தது

நங்கூரம் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நேரிலேயே பார்த்திருக்கிறது.

2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து நிறுத்த முடியவில்லை. கப்பல் அடித்துக்கொண்டு வரப்பட்டு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. ஊழியர்களில் ஒரு பகுதியினர் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். கொந்தளித்த கடலில் அந்தப் படகு கவிழ்ந்தது. உள்ளூர் மீனவர்கள் கடலில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் 6 பேர் உயிரிழந்தார்கள். கப்பலைவிட்டு இறங்காமல் இருந்தவர்கள் பின்னர் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.

அப்போது கப்பலோடு செல்ஃபி எடுக்கக் கூடிய கூட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தக் கப்பல் அங்கே வந்து நின்றதன் பின்னால் இருந்தது இந்த 6 பேரின் கதை.

அப்போ ஏன் கடலுக்கு அனுப்புறாங்க?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது கப்பலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கன்டெய்னர்களை அடுக்கிய பெரிய கப்பல் என்பது காற்றுக்கு எதிரே நிற்கும் ராட்சதச் சுவர். எவ்வளவு கயிறு போட்டாலும் ஒரு கட்டத்தில் அறுபடும். ஒரு கயிறு அறுந்தால் அதன் பாரம் மற்ற கயிறுகள் மேல் விழும். அவையும் வரிசையாக அறுபடும்.

அறுந்த பிறகு கப்பல் எங்கே போகும்? துறைமுகத்துக்குள் தப்பிக்க இடமே இல்லை. தளத்தில் மோதும், பக்கத்துக் கப்பலில் மோதும், கிரேனைச் சாய்க்கும். எண்ணெய்க் கப்பலாக இருந்தால் கசிவு, தீ. துறைமுக வாசலில் மூழ்கிவிட்டால் நாள்கணக்கில் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

திறந்த கடலில் கதையே வேற. இன்ஜின் ஓடுகிற நல்ல கப்பல் அலைக்கு முகம் கொடுத்து நிற்கலாம், புயலின் பாதையிலிருந்து விலகிப் போகலாம். மோதுவதற்குக் கல்லும் இல்லை, கரையும் இல்லை. கப்பல்காரர்கள் இதை 'சீ ரூம்' என்பார்கள், அதாவது அசைய இடம். அவர்களுக்குக் கடலைவிடப் பயம் கரைதான்.

இதில் இரண்டு நிபந்தனை இருக்கு. ஒன்று, கப்பலின் இன்ஜின் வேலை செய்யணும். இரண்டு, காற்று பலமாவதற்கு முன்பே கிளம்பணும். பலத்த காற்றில் பைலட் ஏற முடியாது, இழுவைப் படகுகளும் வேலை செய்ய முடியாது. அதனால்தான் வானம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போதே கப்பல்கள் வெளியேறும் செய்தி வருகிறது.

முக்கியமான ஒன்று: இது பெரிய கப்பல்களுக்கு மட்டும். மீன்பிடிப் படகுகளுக்கு நேர் எதிர். அவை எச்சரிக்கை வந்ததும் கரைக்குத் திரும்பியே ஆகணும். கரையிலும் ஒன்றோடு ஒன்று நெருக்கிக் கட்டினால் மோதிச் சேதமாகும் என்பதால் இடைவெளிவிட்டுக் கட்டச் சொல்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா கடலோரத்தில் ஏராளமான படகுகள் உடைந்ததை மறந்திருக்க மாட்டோம்.

கூண்டு எண் என்ன சொல்கிறது?

1, 2: புயல் தொலைவில் இருக்கிறது.
3, 4: துறைமுகத்தையே பாதிக்கும் வாய்ப்பு.
5, 6, 7: அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அருகிலேயே கடக்குமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.
8, 9, 10: பெரும் அபாயம்.
11: வானிலை மையத்துடன் தொடர்பே துண்டிக்கப்பட்டது.

அதாவது எண் கூடினால் எப்போதும் காற்று கூடுகிறது என்று அர்த்தம் இல்லை. 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் பலம் இல்லை, பக்கம்.

பைலட்டும் டக்கும்

விமானம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடலில் பைலட் உண்டு. உள்ளூர்க் கடலின் ஆழம், நீரோட்டம், மணல்திட்டு எல்லாம் அறிந்தவர். வெளியூர்க் கப்பலில் ஏறி உள்ளே கூட்டிவருவார், வெளியே கொண்டுபோய் விடுவார். டக் என்பது பெரிய கப்பலை இழுக்கவும் தள்ளவும் உதவும் இழுவைப் படகு.

2024 மார்ச் 26-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்ட 'டாலி' கப்பலை நினைவிருக்கா? ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தளத்திலிருந்து நகர்த்திவிட்டு டக்குகள் விலகிய பிறகு கப்பலில் மின்சாரம் போனது. பைலட் நங்கூரத்தை இறக்கச் சொன்னார், டக் உதவி கேட்டார். ஆனால் நேரம் போதவில்லை. கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்தது. பாலத்தில் சாலைப் பணியில் இருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலிலிருந்து வந்த எச்சரிக்கையால் போலீசார் வாகனங்களை நிறுத்தியதால் பலர் தப்பினார்கள்.

இடது ஏன் 'போர்ட்'?

கப்பலில் லெஃப்ட், ரைட் கிடையாது. முன்னோக்கி நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்டு. பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. 'ஸ்டியர்' செய்யும் பக்கம் ஸ்டார்போர்டு ஆனது. துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைத் துறைமுகத்தில் ஒட்டி நிறுத்தினார்கள், அது போர்ட் ஆனது. முன்பு இடப்பக்கத்துக்கு 'லார்போர்டு' என்ற பெயர். ஸ்டார்போர்டு, லார்போர்டு இரண்டும் காற்றில் ஒரே மாதிரி கேட்டதால், பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் அதைக் கைவிட்டு 'போர்ட்' என்பதையே கட்டாயமாக்கியது.

தமிழ் கொடுத்ததும் வாங்கியதும்

'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் நம்ம கட்டுமரம். 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்' வழியாக வந்தது. கடல் இருக்கும் இடத்தில் சொற்களும் சரக்கு மாதிரி ஏறி இறங்கும்.

கட்டிய கப்பலின் இழுப்பைத் தமிழ்க் கவிஞர்கள் அப்போதே கவனித்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், உப்பு விற்று நெல் ஏற்றிவந்த சின்னப் படகுகள் லாயத்தில் கட்டிய குதிரைகளுக்கும், துறையில் அசையும் பெரிய நாவாய்கள் கட்டுத்தறியை அசைக்கும் யானைகளுக்கும் உவமை. மதம் பிடித்த யானையைத் தறியில் எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும்? புயலுக்கு முன்பே கப்பலை அவிழ்த்துவிடுவதன் நியாயமும் அதுதான்.

அடுத்த முறை 'கப்பல்கள் வெளியேற்றம்' என்று ஸ்க்ரோலிங் ஓடினால், அது பயந்து விரட்டியது இல்லை, காப்பாற்ற அனுப்பியது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்க.